முகத்தில் எழுதுமுன்

அணி என்பது இரு திறத்தது. பூண்டபின் களையத்தக்கது ஒன்று. களைய ஒண்ணாதது மற்றொன்று. பூவும் பொட்டும், மையும் மஞ்சளும் முற்கூறிய திறத்தன. காலையிற் சூடிய மலர் மாலையில் வாடும். மாலையில் இட்ட மை மறுநாட் காலையிற் கலையும். இவற்றிற் பிழை நேர்ந்ததாயினும் சிறிது நீரும் ஒரு துணித்துண்டும் அதனைத் திருத்தப் போதியன. ஊசியினால் தோலினுள் ஏற்றப்படும் சாயமோ அத்தன்மைத்தன்று. அதனைத் திருத்துதல் அரிது; முற்ற நீக்குதல் அதனினும் அரிது. இத்தகைய அணியொன்றை முகத்தில் ஏற்க நாள் குறித்தோர், அந்நாள் வருமுன் செய்யத்தகும் ஆயத்தம் யாது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

‘கல்லூரி மலரில் எழுதத்தக்க பொருளோ இது?’ என அன்பர் சிலர் வினவுதல் கூடும். தகும் என்பதே எம் விடை. புதுவை நகரின் மேற்கே, வில்லியனூர் செல்லும் சாலையை ஒட்டி, உழவர்கரை நகராட்சியின்பாற்பட்டு விளங்குவது யாம் வாழும் ரெட்டியார்பாளையம். இங்குள்ள அழகு நிலையங்களின் விளம்பரப் பலகைகளில் ‘மணப்பெண் அலங்காரம்’ என்பதனோடு ‘பர்மனெண்ட் மேக்கப்’, ‘மைக்ரோபிளேடிங்’ என்னும் சொற்களும் இந்நாளிற் காணப்படுகின்றன. அப்பலகைகளை அண்ணாந்து நோக்குவோருட் பெரும்பாலார் எம்மோடு ஒத்த வயதினர். பட்டம் பெறுதற்கும் மணம் புரிதற்கும் இடைப்பட்ட காலத்தில் நிற்போர் அவர். அவர்தம் முகத்தைப் பற்றிய பேச்சு இம்மலருக்குப் புறம்பானதன்று.

முதற்கண் இத்தொழில் யாதென அறிதல் நலம். நுண்ணிய ஊசிகளை வரிசையாகக் கோத்த சிறு கருவியைக் கையாற் பிடித்துப் புருவத்தில் மயிரிழைபோற் கீறி, அக்கீற்றிற் சாயத்தைப் புகுத்துவது மைக்ரோபிளேடிங். மின்விசையால் இயங்கும் ஊசி கொண்டு இமையோரத்தில் மைக்கோடு இழுத்தலும், இதழுக்குச் செந்நிறம் ஏற்றுதலும் இதன் பிற வகைகள். முடி உதிர்ந்த ஆடவர் தலையில் மழித்த மயிரின் அடிபோலப் புள்ளி வைத்தலும் இதனுள் அடங்கும். ஆதலின் இது மகளிர்க்கே உரிய செய்தி என ஆடவர் ஒதுங்குதற்கில்லை. சாயம் மேற்றோலின் கீழுள்ள உட்டோலின் மேற்பகுதியிற் சென்று தங்குகின்றது. ‘நிலையான ஒப்பனை’ எனப் பெயர் பெற்றதாயினும், ஓரிரண்டு ஆண்டுகளில் அது மங்கத் தொடங்கும். சிலர்க்கு நிறமும் மாறும். எனினும் அதன் எச்சம் பல ஆண்டு நின்றுவிடலும் உண்டு. நிலைக்க வேண்டும் என விழையுங்கால் மங்குவதும், நீங்க வேண்டும் என விழையுங்கால் நீங்காததுமே இதன் இயல்பு எனலாம்.

உடல்மீது எழுதுங்கலை தமிழர்க்குப் புதியதன்று. சங்க நூல்களைப் பயில்வார் தொய்யில் என்னும் சொல்லை அறிவர். மகளிர்தம் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பு முதலியவற்றால் எழுதப்பட்ட கோலம் அது. கலித்தொகை முதலியவற்றில் அது பேசப்படுகின்றது. எழுதியது அழியும், அழிந்ததனை மீண்டும் எழுதலாம். பிற்காலத்தில் நம் பாட்டியர் கையிற் கண்ட பச்சையோ அழியாதது. குறத்தியர் ஊர்தோறும் சென்று பச்சை குத்திய வகையினைச் சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்துள்ளார். மஞ்சட்பொடியையும் அகத்தி இலையையும் துணியில் தேய்த்துத் திரியாக்கி, எண்ணெய் விளக்கில் எரித்து, அதன்மேற் கவிழ்த்த மட்பாண்டத்திற் படிந்த கரியைச் சுரண்டிச் சாயமாகக் கொண்டனர் என்பது அவர் தரும் செய்தி. கோலமும் தேளும் பெயரெழுத்தும் அவ்வாறு கைகளில் ஏறின.

கருவி மட்டுமே பின்னர் மாறிற்று. எடிசன் படியெடுத்தற்கென அமைத்து 1876இல் உரிமம் பெற்ற மின்பேனாவின் அடியொற்றி, நியூயார்க் நகரத்துச் சாமுவேல் ஓரெய்லி என்பார் 1891ஆம் ஆண்டு மின்விசைப் பச்சை குத்தும் பொறிக்கு உரிமம் பெற்றார். இன்று அழகு நிலையத்து மேசைமேல் இருக்கும் பொறி அதன் வழித்தோன்றலே. விளக்குக்கரி போய், அடைத்து விற்கப்படும் சாயக்குப்பி வந்தது. மரத்தடி போய்க் குளிரூட்டிய அறை வந்தது. ஆயின் ஊசி ஊசியே, தோல் தோலே.

இவ்வரலாற்றில் நாம் மறத்தற்கரிய பகுதியொன்று உண்டு. ஆங்கிலக் கும்பினியார் ஆட்சியில், வங்கத்தைப் போன்றே சென்னை மாகாணத்திலும், கொடுங்குற்றம் புரிந்தார் என ஆயுட்சிறை விதிக்கப்பட்டோரின் நெற்றியிற் பெயரும் குற்றமும் பச்சை குத்தப்பட்டன. 1849ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அவ்வழக்கம் ஒழிந்தது. விடுதலை பெறினும் நெற்றி விடுதலை பெறாது. தலைப்பாகையைத் தாழக் கட்டி அவ்வெழுத்தை மறைத்துத் திரிதலன்றி அவர்க்கு வேறு வழி யாதிருந்தது?

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குவோம். கைதியின் நெற்றியில் எழுதியவர் அவனை வினவவில்லை. நம் பாட்டியின் கையிற் குத்துவித்த பெரியோர், அன்பினாற் செய்தாரேனும், ஏழெட்டு வயதுச் சிறுமியை வினவினார் என்பதற்கில்லை. இன்று ரெட்டியார்பாளையத்து நங்கை ஒருத்தி வினவப்படுகின்றாள். ஆம் என்றும், அன்று என்றும், இப்பொழுது வேண்டா என்றும் கூறும் உரிமை அவட்கு உண்டு. இதுவே பழமைக்கும் புதுமைக்கும் உள்ள மெய்யான வேறுபாடு. பொறியும் அறையும் அன்று. அவ்வுரிமையை ஊசி தோலிற் படும் கணம்வரையில் தன் கையினின்று நழுவவிடாது வைத்திருத்தலே ஆயத்தம் என்பதன் பொருள் என்பது எம் கருத்து. பிற ஆயத்தங்கள் யாவும் இதற்குத் துணையாவன.

இவ்வுரிமை எவ்வாறு நழுவுகின்றது? ஒருவரும் அதனைப் பிடுங்குவதில்லை. திருமண நாள் குறிக்கப்படுகின்றது. நிழற்படம் எடுப்போர் வருகின்றனர். ‘புருவம் சற்று அடர்த்தியாய் இருந்தால்’ என்று உறவினர் ஒருவர் சொல்லி வைக்கின்றார். அழகு நிலையத்திற் சலுகை இவ்வாரத்தோடு முடிகின்றது. முன்பணமும் கட்டியாயிற்று. இனி வேண்டா என்பது எங்ஙனம் என்னும் எண்ணம் எழுந்தவுடனே உரிமை போய்விட்டது. இசைவு மட்டும் எஞ்சி நிற்கின்றது. முன்பணம் போனாற் போகட்டும். அவ்விழப்பு ஒரு திங்களில் மறந்துபோம். முகமோ கண்ணாடி காணுந்தோறும் நினைவூட்டும்.

ஆதலின் முதல் ஆயத்தம் காலத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுதல். ஊசியிட்ட இடம் சில நாள் சிவந்தும் வீங்கியும் இருக்கும். பொருக்குத் தட்டி உதிர ஒரு கிழமைக்கு மேலும் ஆகும். நிறம் தன் மெய்யான சாயலுக்கு வர நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதன்பின் குறை நிரப்ப மறுமுறையும் செல்லல் வேண்டும். திருமணத்திற்குப் பத்து நாள் முன்னர் இதற்கு நாள் குறிப்போர் பொருக்குடன் மணையில் அமர நேரும். மூன்று திங்களேனும் இடைவெளியில்லையெனில், இம்முறை வேண்டா என விடுத்து மையெழுதிக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.

இரண்டாவது, எழுதி வாழ்ந்து பார்த்தல். பச்சையாக்குமுன் தொய்யிலாக்கிப் பார்த்தல் என இதனைச் சொல்லலாம். விரும்பிய புருவ வடிவைக் கழுவினாற் போகும் மைக்கோலால் நாள்தோறும் எழுதிக்கொண்டு ஒரு கிழமையேனும் நடமாடுக. வகுப்பிலும் வெயிலிலும் வீட்டு விளக்கொளியிலும் அம்முகத்தைக் காண்க. நகைக்கும்பொழுதும் அழும்பொழுதும் அவ்வடிவு எவ்வாறு அசைகின்றது எனக் காண்க. புருவத்தின் வழக்கம் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுவது. ஒருகாலத்து நூலிழைபோல் மெலிந்த புருவம் அழகெனப்பட்டது; பிறிதொரு காலத்து அடர்ந்தது அழகெனப்படுகின்றது. எட்டாம் நாளும் அம்முகம் தன்முகமாகத் தோன்றுமாயின் மேற்செல்க.

மூன்றாவது, தன் உடலை அறிதல். தீப்புண்ணோ காது குத்திய துளையோ தடித்த தழும்பாக வளர்ந்த வரலாறு உடையோர் ஊசியை அணுகாதிருத்தலே நன்று. கெலாய்டு எனப்படும் அத்தழும்பு நம்மைப் போன்ற கருநிறத்தார்க்கு மிகுதியும் வருவது. கருவுற்றாரும் பாலூட்டுவாரும் பொறுத்தல் வேண்டும். நீரிழிவு உடையோரும் குருதி உறையாமைக்கு மருந்து உண்போரும் மருத்துவரைக் கலந்தபின்னரே செல்க. அம்மருந்தைத் தாமே நிறுத்துதல் ஊசியினும் கொடிய தீங்கு. மாணவரிடை மிக்குள்ள முகப்பருவிற்கு ஐசோட்ரெடினாயின் உண்போர் அதனை மறையாது கூறுக. மருந்து நிறுத்தி ஆறு திங்கள் கழிக எனச் சொல்வது வழக்கம். உதட்டில் அக்கிக்கொப்புளம் வந்த வரலாறு உடையோர்க்கு இதழில் ஊசியிட்டால் அது மீண்டும் கிளர்தல் கூடும். மருத்துவர் முன்னதாகவே மருந்து தருவர். வலி தோன்றாமைக்குப் பூசும் களிம்பிலும் கருத்து வேண்டும். லிடோகெயின் நான்கு விழுக்காட்டுக்கு மேற்பட்ட களிம்புகளை மருத்துவர் சீட்டின்றித் தோலிற் பூசற்க என அமெரிக்க உணவு மருந்து ஆணையகம் 2024ஆம் ஆண்டில் எச்சரித்தது.

நான்காவது, தடுப்பூசி. ஊசி தூய்மையற்றதாயின் ஹெப்படைட்டிஸ் பி முதலிய ஈரல் நோய்கள் குருதிவழியே தொற்றும். ஹெப்படைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அதனை மும்முறை, முதல் நாளிலும் ஒரு திங்களிலும் ஆறு திங்களிலுமாக இடுவர். நாடு முழுதும் குழந்தைகட்கு அவ்வூசி விரிவுபெற்றது 2011ஆம் ஆண்டையொட்டியே யாகலின், இன்று கல்லூரியிற் பயில்வாருட் பலர் அதனைப் பெறாதிருத்தல் கூடும். ஊசியிட்டுக்கொண்டோர் ஓராண்டுக்குக் குருதிக்கொடை அளித்தலும் நம் நாட்டு வழிகாட்டு நெறிப்படி இயலாது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கைநீட்டும் நண்பர்கள் இதனை முன்னரே எண்ணிக்கொள்க.

ஐந்தாவது, கேட்டறிதல். நம்மவர்க்கு இதுவே கடினம். துணி வாங்குங்கால் நூலைப் பிரித்து நோக்குவோம். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். முகத்திற் சாயமேற்றப் புகுங்கால் வாய்திறவோம். ஊசி ஒருவர்க்கே உரியதோ, அதன் உறையை எம் கண்முன் பிரிப்பீரோ? கையுறை புதியதோ? சாயக்குப்பியின் பெயர்ச்சீட்டைக் காட்டுவீரோ? நீர் செய்த முகங்களை, செய்தவன்றன்றி ஓராண்டு கழித்து எடுத்த படங்களாகக் காட்டுவீரோ? தீங்கு நேரின் எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்? இவ்வினாக்களுக்கு முகஞ்சுளிக்கும் இடத்தினின்று எழுந்து வருக. நல்ல தொழிலாளர் இவற்றைக் கேட்டு மகிழ்வரேயன்றி வெகுளார்.

சாயத்தைப் பற்றிய வினா வீண்வினா அன்று. அமெரிக்காவில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் நிலையான ஒப்பனைக்குரிய சில சாயங்களால் தீங்குற்றோம் என 150க்கு மேற்பட்ட முறையீடுகள் அவ்வாணையகத்திற்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல், பச்சை குத்துதற்கும் நிலையான ஒப்பனைக்கும் ஆகும் சாயங்களில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கட்கு வரையறை விதித்துள்ளது. ஒவ்வாமை உண்டோவெனக் காதின் பின்புறத்தே சிறு புள்ளியிட்டுச் சில நாள் நோக்கும் சோதனையைத் தவறாது வேண்டிப் பெறுக. ஆயினும் அதுவே முழுக்காப்பன்று. ஒவ்வாமை திங்கள் பல கழித்தும் தோன்றுதல் உண்டு. இமையோரத்திற் சாயமேற்றியோர் பின்னாளில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்க நேரின் அதனை அங்குள்ளோர்க்கு அறிவித்தல் வேண்டும். இரும்புச் சேர்மானமுடைய சாயம் அருகிச் சிலர்க்கு எரிவும் வீக்கமும் தருவது.

‘பிடிக்காவிடில் லேசரால் நீக்கிவிடலாம்’ என எளிதிற் கூறுவோரும் உளர். கேட்போர் ஒன்றறிக. வெண்மையும் தோல்நிறமும் செம்மையுமான சாயங்களிற் பெரும்பாலும் டைட்டேனியமும் இரும்பும் கலந்திருக்கும். லேசர் ஒளி பட்டவுடன் அவை வெளுப்பதற்கு மாறாகக் கறுத்துவிடுதல் உண்டு. இதழின் செந்நிறத்தை நீக்கப் புகுந்து கருமை பெறுதல் இவ்வாற்றான் நேர்வது. நீக்கும் வழியை நம்பி ஏற்கும் வழியிற் செல்லுதல் தகாது.

இவ்வளவும் கூறியதனால் யாம் இவ்வொப்பனையைப் பழிக்கின்றோம் எனக் கொள்ளற்க. புற்றுநோய் மருத்துவத்தாற் புருவம் இழந்தார்க்கும், வெண்புள்ளியால் இதழின் நிறம் இழந்தார்க்கும், கை நடுக்கத்தால் மையெழுத மாட்டாத முதியோர்க்கும் இது தரும் ஆறுதல் சிறிதன்று. தோல் மருத்துவர்களும் வெண்புள்ளிக்கு இம்முறையைக் கையாளுகின்றனர். அழகுக்காகவே விரும்புவாரையும் யாம் குறைகூறோம். தன் முகத்தை விரும்பியவாறு வைத்துக்கொள்ளுதல் குற்றமன்று.

எம் சமயத்தாருட் சிலர் லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தைச் சுட்டி உடலில் எழுத்துக் குத்துதல் ஆகாது என்பர். எகிப்து நாட்டுக் கொப்திய கிறிஸ்தவரோ மணிக்கட்டிற் சிலுவைக் குறியைக் குத்திக்கொண்டு அதனைத் தம் விசுவாச அடையாளமாகப் போற்றுகின்றனர். ஒரே வேதத்தை ஓதுவாரிடையும் இங்ஙனம் கருத்து வேறுபடுதலின், இதனை அவரவர் மனச்சான்றுக்கு விடுதலே முறை. ஆயின் மனச்சான்று பேசுதற்கும் பொழுது வேண்டும். விரைவில் அதன் குரல் கேளாது.

இறுதியாக ஒரு சொல் பெற்றோர்க்கும் உரியது. மகளை மணைக்கு ஆயத்தம் செய்யுங்கால், அவள் முகத்தைக் குறித்த பேச்சை அவளிடமே விடுக. ‘உனக்கு வேண்டுமா?’ என்று ஒருமுறை கேட்பதோடு அமையாது, ‘வேண்டா எனில் யாங்கள் வருந்தோம்’ என்பதனையும் சொல்லுக. முன்னது வினா, பின்னதே உரிமை. அழகு நிலையம் நடத்துவோரும், குறித்த நாளிற் பின்வாங்குவோர்க்கு முன்பணத்தை முகங்கோணாது திருப்பித் தரும் வழக்கத்தை மேற்கொள்வாராயின், அவர்தம் தொழில் குன்றாது. அதன்மேல் உள்ள நம்பிக்கை வளரும்.

மாணவ நண்பர்காள்! நாள் குறிப்பது எளிது; கூலி கொடுப்பதும் எளிது. இவ்விரண்டற்கும் இடையே உள்ள நாட்களைக் கேட்டறிதலிலும் எழுதிப் பார்த்தலிலும் உடலை ஆய்தலிலும் செலவிடுக. அதன்பின் நாற்காலியிற் சாய்ந்து, ஆம் எனச் சொல்லின் அந்த ஆம் நும்முடையது. கதவருகே நின்று, வேண்டா எனத் திரும்பினும் அவ்வெண்ணமும் நும்முடையதே. இவ்விரண்டனுள் எதுவாயினும் பிறர் எழுதிய முகத்தோடு வாழும் இழிவு நுமக்கு இல்லை என்பது ஒருதலை.